மயக்கத்தின் இலக்கணம்

'மயக்கம்' என்ற சொல்லைக் கேட்டவுடன் பெரும்பாலோர் தலைசுற்றலையும், முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்புவதையும் நினைத்துக்கொள்வார்கள். தமிழாசிரியர்கள் நினைப்பது வேறு. அவர்களுக்கு அது ஓர் இலக்கணச் சொல். ஒரு சொல்லுக்குள் இரண்டு மெய்யெழுத்துகள், இடையில் உயிர் வராமல், அடுத்தடுத்து வந்து நிற்பதை மெய்ம்மயக்கம் என்பது இலக்கண வழக்கு. ஒரே மெய் இரட்டித்து நின்றால் அது உடனிலை மயக்கம். வெவ்வேறு மெய்கள் கூடி நின்றால் அது வேற்றுநிலை மயக்கம். 'குற்றாலம்' என்ற பெயரில் றகரத்துக்குப் பக்கத்தில் றகரமே நிற்கிறது. அது முதல் வகை. 'தென்காசி' என்ற பெயரில் னகரத்துக்குப் பக்கத்தில் ககரம் நிற்கிறது. அது இரண்டாம் வகை. இவ்விடத்தில் மயங்குதல் என்றால் அறிவு கெடுதல் அன்று. கலந்து நிற்றல் என்பதே பொருள்.

இந்த இரண்டாம் வகை மயக்கத்தை எழுத்தில் காட்டாமல் மனிதரில் காட்டிய திரைப்படம் ஒன்றைப் பற்றி இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். படத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது: 'நண்பகல் நேரத்து மயக்கம்'. பெயர் தமிழ், படம் மலையாளப் படம் என்று கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் உள்ளே பாதிக்கு மேல் தமிழ்ப் பேச்சே ஒலிப்பதுபோல் தோன்றுகிறது. லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கியது; திரைக்கதை எஸ். ஹரீஷ், ஒளிப்பதிவு நம் தேனி ஈஸ்வர். மம்மூட்டி தாமே தயாரித்துத் தாமே நடித்திருக்கிறார். 2022 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் நடந்த பன்னாட்டுத் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டு, 2023 ஜனவரி 19 அன்று கொட்டகைகளுக்கு வந்தது. 2022ஆம் ஆண்டுக்கான கேரள அரசின் சிறந்த படப் பரிசும், சிறந்த நடிகர் பரிசும் இதற்கே கிடைத்தன. படம் எடுக்கப்பட்ட இடம் பழனிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூர்.

கதை எளியது; நடக்க முடியாதது.

வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குப் போய்விட்டுக் கேரளத்துக்குத் திரும்புகிறது ஒரு பேருந்து. உள்ளே ஒரு நாடகக் குழுவினரும் அவர்கள் குடும்பத்தாரும். குழுவை நடத்துபவர் ஜேம்ஸ். மனைவியும் மகனும் உடன் வருகிறார்கள். மனிதருக்குக் கொஞ்சம் சிடுசிடுப்பு. காசு விஷயத்தில் இறுக்கம். தமிழ்நாட்டுச் சாப்பாடு அவர் நாக்குக்கு ஒத்துவரவில்லை. தமிழ்ப் பாட்டு காதுக்கு ஒத்துவரவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் வண்டி முழுவதும் உறங்குகிறது. ஜேம்ஸ் கண்விழிக்கிறார், வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்குகிறார். மக்காச்சோளக் காட்டின் ஊடே, பல்லாண்டு நடந்து பழகிய கால்களோடு நடந்து, ஒரு கிராமத்துக்குள் நுழைகிறார். ஒரு வீட்டுக்குள் தயக்கமின்றிப் போகிறார். கைலியை எடுத்துக் கட்டிக்கொள்கிறார். மாட்டுக்குத் தீனி வைக்கிறார். வாயைத் திறந்தால் நல்ல நாட்டுப்புறத் தமிழ் வருகிறது. அது சுந்தரம் என்பவனுடைய வீடு. சுந்தரம் 2 ஆண்டுகளுக்கு முன்பு காணாமல் போனவன்.

இந்த இடத்தில் உரையாற்றுகிறவனுக்கு ஒரு விகுதிச் சங்கடம் வந்துவிடுகிறது. நாடகக் குழுவினருக்கு ஜேம்ஸ் 'அவர்'. ஊராருக்குச் சுந்தரம் 'அவன்'. ஒரே உடம்புக்கு எந்த விகுதியைப் போடுவது? ஜேம்ஸை 'அவர்' என்றும் சுந்தரத்தை 'அவன்' என்றுமே சொல்லிக்கொண்டு போகிறேன். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று தெரியாத இடங்களை நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சிரிப்பு இங்கிருந்துதான் தொடங்குகிறது. தேடி வந்த குழுவினர் தம் முதலாளி வேற்றுமொழியில் வேறொருவர் வீட்டுத் திண்ணையில் உரிமையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திகைக்கிறார்கள். ஊராரோ, முன்பின் அறியாத ஒரு மலையாளி தங்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, உறவு சொல்லி அழைப்பதைக் கேட்டுத் திகைக்கிறார்கள். அடிப்பதா, ஆசுபத்திரிக்குக் கொண்டுபோவதா, கோடாங்கியைக் கூப்பிடுவதா என்ற யோசனைகளுக்கு நடுவே வேறு கவலைகளும் வருகின்றன. வண்டி நிற்கிறதே, ஓட்டுநர் என்ன சொல்வார்? இத்தனை பேருக்கு இரவுச் சாப்பாடு எங்கே? பெண்பிள்ளைகள் எங்கே படுப்பார்கள்? ஆகாயம் இடிந்து விழுந்தாலும் அடுத்த வேளைச் சோற்றைப் பற்றிப் பேசுவது மனித இயல்பு. அந்த இயல்பைக் கண்டு படம் சிரிக்கிறது. மனிதர்களைக் கண்டு சிரிக்கவில்லை. சிரிக்காத முகத்தோடு சொல்லப்படும் நகைச்சுவை இது. கையைத் தட்டிச் சிரிப்பதற்கு இடம் கம்மி. உதட்டோரத்தில் சிரித்துக்கொண்டே, 'ஐயோ, இந்தப் பெண்ணின் கதி என்ன?' என்று நினைக்க வைக்கும் இடங்களே மிகுதி.

மறுநாள் காலையில் சுந்தரம் வழக்கம்போல் பால் ஊற்றக் கிளம்புகிறான். தேநீர்க் கடையில் சர்க்கரை தூக்கலாக வேண்டும் என்கிறான். நேற்று வரை சர்க்கரையே ஆகாதென்ற உடம்பு அது. இத்தகைய சிறு விவரங்களில்தான் படம் தன் முழு வித்தையையும் வைத்திருக்கிறது.

படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே: 'அவருக்கு என்ன ஆயிற்று?' நான் கேட்டவரையில் விடைகள் மூன்று வகை. செத்துப்போன சுந்தரத்தின் ஆவி இறங்கிவிட்டது என்பது ஒன்று. நம் பக்கத்தில் சுடலைமாடன் கொடை பார்த்து வளர்ந்த எவருக்கும் இது எளிதில் தோன்றும். உச்சிப்பொழுதில் தனியே நடக்காதே, புளியமரத்தடியில் படுக்காதே என்று பிள்ளைகளை எச்சரிக்கும் பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். முழுவதும் ஜேம்ஸ் கண்ட பகற்கனவு என்பது இரண்டாவது. அவர் நாடகக்காரர், ஆகவே இது அவர் மனத்தில் ஓடிய ஒரு நாடகம் என்பது மூன்றாவது. படம் மூன்றுக்கும் துப்புக் கொடுக்கிறது. எதையும் தாழிட்டு மூடவில்லை. தங்கும் விடுதியில் உறக்கத்தையும் சாவையும் ஒப்பிடும் திருக்குறள் ஒன்று ஜேம்ஸின் காதில் விழுகிறது. அதைக் கணக்கின் விடையாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. விடையென்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. கணக்குக் கொடுக்கப்பட்டது என்பதற்கான மணி அது.

விடை சொல்லாதது குறை என்று சிலர் எழுதியும் பேசியும் வருகிறார்கள். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது பார்த்திருக்கிறேன்: நரி பேசியது என்றால் எந்தப் பிள்ளையும் மறுப்பதில்லை. நரி பேசிவிட்டுப் பறந்தது என்றால்தான், 'அது எப்படி சார்?' என்று எழுந்து நிற்கும். நடவாத காரியம் ஒன்றே ஒன்று இருக்கலாம். மற்றவை யாவும் தெருவில் நடப்பதுபோல் நடக்க வேண்டும். இந்தப் படம் அந்த ஒழுங்கை அணுவளவும் மீறவில்லை. புகை எழும்பவில்லை, மின்னல் வெட்டவில்லை, ஜேம்ஸ் சுந்தரமாக மாறும் நொடியில் வாத்தியம் முழங்கவில்லை. மாடு மாடாகத் தீனி தின்கிறது. வெயில் வெயிலாக அடிக்கிறது. இதே இயக்குநர் 2019ஆம் ஆண்டில், ஹரீஷ் எழுதிய சிறுகதை ஒன்றைக்கொண்டு, 'ஜல்லிக்கட்டு' என்ற படத்தை எடுத்தார். அதில் ஓர் எருமை ஓடுகிறது, அதன் பின்னால் ஊரே ஓடுகிறது, படக்கருவியும் மூச்சிரைக்க ஓடுகிறது. இங்கே அதே மனிதர் படக்கருவியை ஓரிடத்தில் ஊன்றி வைத்துவிட்டு நகர மறுக்கிறார். வாசலுக்கு எதிரே ஒரு பாயை விரித்து உட்கார்ந்துகொண்டு, தெருவில் போவோர் வருவோரைப் பார்க்கும் கிழவரைப்போல் அது பார்த்துக்கொண்டிருக்கிறது. மனிதர்கள் சட்டத்துக்குள் வருகிறார்கள், போகிறார்கள். நிலைத்த பார்வைக்கு முன்னால் நடப்பதை நாம் நம்பிவிடுகிறோம்.

வானொலியில் பேசுகிறவன் ஒலியைப் பற்றிச் சொல்லாமல் போகலாகாது. இந்தப் படத்துக்கென்று தனியே பின்னணி இசை அமைக்கப்படவில்லை. அதற்குப் பதிலாக, பழைய தமிழ்ப் படங்களின் பாட்டும் வசனமும் எந்த நேரமும் எங்கிருந்தோ கேட்டுக்கொண்டே இருக்கின்றன. ஒரு வீட்டுத் தொலைக்காட்சியிலிருந்து, ஒரு கடையிலிருந்து, தெருவின் கோடியிலிருந்து. பஞ்சாயத்துக் கட்டடத்து வானொலிப் பெட்டியைச் சுற்றி ஊர் கூடியிருந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. ஆனால் படத்தில் அது வெறும் அலங்காரமாக இல்லை. பாத்திரங்கள் சொல்லத் தயங்குவதை அடுத்த வீட்டுப் பெட்டி சொல்லிவிடுகிறது; சில வேளை கேலியாக, சில வேளை கண்ணீரோடு. நாடகங்களில் கட்டியங்காரன் செய்த வேலை அது.

நாடகம் என்றதும் நம் ஊர் நினைவு வருகிறது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையிலுள்ள மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர், 18ஆம் நூற்றாண்டில் 'குற்றாலக் குறவஞ்சி'யை எழுதினார். அதற்காக மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் நிலம் வழங்கினார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சிமேடு என்றே பெயர். அந்த நூலிலும் காணாமல் போனவரைத் தேடும் கதை ஒன்று இருக்கிறது. சிங்கி குறிசொல்லப் போனவள் திரும்பவில்லை; சிங்கன் தேடி அலைகிறான். கடைசியில் கண்டபோது, அவள் உடம்பு நிறையப் பரிசுபெற்ற நகைகள். காட்டுக்குறவன் அவன், நகைகளைப் பாம்பென்றும் பூச்சியென்றும் எண்ணி மருண்டு ஒவ்வொன்றாகக் கேட்கிறான், அவள் ஒவ்வொன்றுக்கும் விடை சொல்கிறாள். தன் மனைவி தானா என்று கணவன் திகைப்பதை இத்தனை சிரிப்போடு சொன்ன நூல் தமிழில் அரிது. குற்றாலத்தில் வாழ்ந்து 1954ஆம் ஆண்டில் மறைந்த ரசிகமணி டி. கே. சி. போன்றவர்கள் இத்தகைய இடங்களை வாய்விட்டுப் படித்துக் காட்டி நம் முன்னோரைச் சிரிக்கப் பழக்கினார்கள். கற்பனை எல்லை மீறுவது மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான புதுமை என்று நினைக்கும் இளைஞர்கள் மேலகரம் வரை ஒரு நடை போய் வரலாம்.

தமிழ்ப் படங்களிலும் இந்த வழியில் நடந்தவை உண்டு. பாஸ்கர் சக்தியின் கதையை வைத்துச் சுசீந்திரன் 2011இல் எடுத்த 'அழகர்சாமியின் குதிரை'யில், திருவிழா நெருங்கும்போது சாமியின் மரக்குதிரை காணாமல் போகிறது. உயிருள்ள குதிரை ஒன்று ஊருக்குள் வருகிறது. ஊர் அதைச் சாமியின் குதிரையே என்று பிடித்துக்கொள்கிறது. தேடி வந்த ஏழைச் சொந்தக்காரனுக்கோ குதிரை இல்லாவிட்டால் கலியாணம் இல்லை. அவ்வாண்டின் சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருதை அது பெற்றது. 2014இல் ராம்குமார் எடுத்த 'முண்டாசுப்பட்டி'யில், புகைப்படம் எடுத்தால் உயிர் போய்விடும் என்று அஞ்சும் ஊர். வானிலிருந்து விழுந்த கல்லே அவர்களுக்குத் தெய்வம். செத்தவர்களை மட்டுமே படம் எடுப்பார்கள். இரண்டும் நன்றாகச் சிரிக்க வைப்பவை. ஆனால் இரண்டிலும் குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு. படம் முடிவதற்குள் அது தெளிந்துவிடும். நான் பேசும் படத்தில் குழப்பம் தெளிவதில்லை, உறங்கப் போகிறது.

இனி எல்லைப்புறத்தாராகிய நமக்கு மட்டும் எளிதில் விளங்கக்கூடிய ஒரு செய்தி. செங்கோட்டை 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை திருவிதாங்கூர்ப் பக்கத்தைச் சேர்ந்திருந்தது. அன்றுதான் திருநெல்வேலி மாவட்டத்துக்கு வந்தது. 2019 முதல் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அவர்களைச் சுற்றி எல்லைக்கோடு இடம் மாறியது. சாரல் காலத்தில் அருவிக்கரைக் கடைகளில் நின்று பாருங்கள். கடைக்காரர் ஒரே மூச்சில் வலப்பக்கத்தாருக்குத் தமிழிலும் இடப்பக்கத்தாருக்கு மலையாளத்திலும் நேந்திரங்காய் வறுவலின் விலையைச் சொல்வார். இரண்டு மொழிக்கும் அவர் முகத்தில் இரண்டு வேறு பாவனைகள் வந்து போகும். குரலின் ஏற்ற இறக்கமும் மாறும். கார்த்திகையில் மாலையணிந்து வருபவர்களுக்கு அவர் மூன்றாம் பாவனை ஒன்றும் வைத்திருப்பார். ஒரு மனிதனுக்குள் இரண்டு பேர் இருப்பது நமக்கு அதிசயமன்று, பிழைப்பு.

மம்மூட்டியின் நடிப்பில் நான் வியந்தது இந்தப் பாவனை மாற்றத்தைத்தான். ஒப்பனை ஏதும் மாறவில்லை. நடை மாறுகிறது, தோள் தளர்கிறது, ஜேம்ஸ் யாரோடும் ஒட்டாதவர், சுந்தரம் எல்லாரோடும் வாயாடுபவன். மதுக்கடையில் அமர்ந்து பழைய தமிழ்ப்படக் காட்சி ஒன்றை அவன் நடித்துக் காட்டும்போது, நடிகர் ஒருவர், நாடகக்காரர் ஒருவராகி, பால்காரன் ஒருவனாகி, மீண்டும் நடிகனாகிறார் என்று எண்ணிப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ரகரமும் ழகரமும் தம்மோடு தாம் இரட்டித்து வருவதில்லை, வேற்றெழுத்தோடுதான் கூடும் என்று இலக்கணத்தில் படிக்கிறோம். தம் கூட்டத்தோடு ஒட்டாத ஜேம்ஸ் வேற்றூரில் போய் ஒட்டிக்கொள்வதைப் பார்த்தபோது எனக்கு அந்த எழுத்துகளே நினைவில் நின்றன.

சிரிப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் படத்தின் பாதியைத்தான் சொன்னவனாவேன். பெயரின் முற்பகுதியைப் பார்க்க வேண்டும். நண்பகல் என்பதும் நம் இலக்கணத்தில் இடம்பெற்ற பொழுது. ஐந்திணைகளில் குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை, பாலைக்குத்தான் நண்பகல். பாலையின் உரிப்பொருள் பிரிவு. படத்தின் பெயரை வைத்தவர்கள் இதை எண்ணி வைத்தார்களோ என்னவோ, பொருந்திவிட்டது. உச்சி வெயிலில் நடக்கும் இந்தக் கதை பூங்குழலி என்ற பெண்ணின் பிரிவுக் கதை. சுந்தரத்தின் மனைவி அவள். ரம்யா பாண்டியன் நடித்திருக்கிறார். கணவன் செத்தான் என்றால் அழுது முடிக்கலாம். இருக்கிறான் என்றால் காத்திருக்கலாம். காணாமல் போனான் என்றால்? பொட்டு வைப்பதா, அழிப்பதா என்பதிலிருந்து எதுவும் அவளுக்குத் தீர்ந்தபாடில்லை. அந்த வீட்டுக்குள்தான் வேற்று முகத்தோடு ஒருவர் வந்து, கணவனின் குரலில் அவள் பெயரைச் சொல்கிறார்.

இதனோடு ஒப்பிடத்தக்க நிகழ்ச்சி ஒன்று பெரியபுராணத்தில் இருக்கிறது. கயிலையிலிருந்து ஒரு யோகியார் அகத்தியரைக் காண நம் பொதியமலைக்குப் புறப்படுகிறார். வழியில், திருவாவடுதுறைக்கு அருகே, சாத்தனூர் மூலன் என்ற இடையன் இறந்து கிடக்கிறான். அவன் மேய்த்த பசுக்கள் சுற்றி நின்று கதறுகின்றன. பசுக்களின் துயரம் பொறாத யோகியார் தம் உடலை ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலனுடைய உடலுக்குள் புகுகிறார். பசுக்கள் மகிழ்ந்து மேய்கின்றன. மாலையில் வீடு திரும்புகின்றன. பின்னர் தம் பழைய உடலைத் தேடினால் அது இல்லை. அவர்தாம் திருமூலர். பொதியமலைக்கு வர இருந்தவர் வழியிலேயே தங்கித் திருமந்திரம் பாடினார். இந்த வரலாற்றைச் சொல்லும்போதெல்லாம் நாம் விரைந்து கடந்துபோகும் ஓர் இடம் உண்டு. மாலையில் கணவன் வரவில்லையே என்று மூலனின் மனைவி தேடி வருகிறாள், கணவனைக் காண்கிறாள், தொட வருகிறாள். 'உனக்கும் எனக்கும் உறவு ஏதும் இல்லை' என்று அவர் விலகிவிடுகிறார். அவள் ஊராரிடம் முறையிடுகிறாள். ஊரார் வந்து பார்த்து, இவர் யோகநிலை எய்தியவர், இனி உன் கணவர் அல்லர் என்று சொல்லி, அவளைத் தேற்றி அழைத்துப் போகிறார்கள். அதன் பிறகு அவளைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. பசுக்களின் கண்ணீருக்கு மாற்றுக் கிடைத்தது. அவளுடைய கண்ணீர் அப்படியே நின்றது.

புராணத்தைக் குறைகூறுவது என் நோக்கமன்று; அது சொல்ல வந்தது வேறு. ஆனால் கூடுவிட்டுக் கூடு பாய்ந்த கதைகளில் கூட்டுக்குச் சொந்தக்காரி ஒருத்தி இருக்கிறாள் என்பதை, படம் முழுவதும் மறக்காமல் இருந்ததற்காக இந்தப் படத்தை நான் மதிக்கிறேன். அங்கே உடல் கணவனுடையது, உயிர் வேறு. இங்கே உடல் வேறு, உயிர்போல் தோன்றுவது கணவனுடையது. அங்கே வந்தவர் உறவை மறுத்தார். இங்கே வந்தவர் உறவைக் கொண்டாடுகிறார். இரண்டு வகையிலும் அந்தப் பெண்தான் வாசற்படியில் நிற்க வேண்டியிருக்கிறது.

பிற நாடுகளில் இதே சங்கடம் வழக்குமன்றம் வரை போயிருக்கிறது. பிரான்சு நாட்டின் தெற்கே ஆர்த்திகா என்ற கிராமத்திலிருந்து 1548ஆம் ஆண்டில் மார்த்தேன் கேர் என்பவன் மறைந்தான். 1556இல் வேறொருவன் வந்து, 'நானே அவன்' என்றான். மனைவியும் உறவினரும் ஏற்றுக்கொண்டார்கள். சில ஆண்டுகள் குடும்பமும் நடந்தது. 1560இல் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே உண்மையான கணவன் திரும்பி வர, வந்தேறி தூக்கிலிடப்பட்டான். 1982இல் பிரெஞ்சுக்காரர்கள் அதைத் திரைப்படமாக்கினார்கள். அங்கே நடந்தது வஞ்சகம். ஆகவே தண்டனையோடு முடிந்தது. வஞ்சகமே இல்லாத இடத்தில் யாரைத் தண்டிப்பது? ஜேம்ஸ் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. அவர் கேட்பதெல்லாம், 'இது என் ஊர், என்னை ஏன் துரத்துகிறீர்கள்?' என்பதுதான். ஊர் நடுவில் நின்று அவன் ஒவ்வொருவரிடமும் தனக்குள்ள உறவைச் சொல்லி மன்றாடும் கட்டத்தில் சிரிப்பு நின்றுவிடுகிறது.

அந்த வீட்டில் அவனை யார் யார் எப்படி எதிர்கொள்கிறார்கள் என்பதைப் பார்த்தால் ஆசிரியரின் நுட்பம் விளங்கும். மகள் ஏற்கவில்லை, குழந்தையின் கண் கறாரானது. மனைவி ஏற்கவும் இல்லை, விலக்கவும் இல்லை. சுந்தரத்தின் தாய் கண்பார்வை இல்லாதவள்; நாள் முழுவதும் தொலைக்காட்சியின் ஒலியைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பவள். அவளுக்கு ஐயமே எழவில்லை. மகன் மடியில் தலை வைக்கிறான். அவள் இயல்பாக இருக்கிறாள். முகம் பார்க்க முடியாதவளுக்குக் குரல்தானே மகன்? வானொலியில் ஒருவர் குரலை ஆண்டுக்கணக்கில் கேட்டு, நேரில் கண்டபோது, 'நீங்கள் அவர் இல்லையே' என்று ஏமாந்த நேயர்கள் அந்தத் தாயைப் புரிந்துகொள்வார்கள். இன்னொருத்தியையும் சொல்ல வேண்டும். ஜேம்ஸின் மனைவி அங்கேயே இருக்கிறாள், தன் கணவன் வேறொரு பெண்ணைத் தன் மனைவி என்று அழைப்பதைப் பார்த்துக்கொண்டு. இரண்டு பெண்களுக்கும் மொழி வேறு. ஒருத்தியின் கணவன் போய்விட்டான். மற்றவளின் கணவர் கண்முன்னே போய்க்கொண்டிருக்கிறார். இருவரும் சண்டையிடவில்லை. மலிவான படமாக இருந்தால் கூந்தலைப் பிடித்திருப்பார்கள்.

குறை இல்லையா என்றால், உண்டு. வேற்று ஆள் ஒருவன் ஊருக்குள் வந்தால் நம் சிற்றூர்களில் முதற்கேள்வி பெயர் அன்று. எந்தத் தெரு என்பதுதான். வேளாங்கண்ணிக்குப் போய்த் திரும்பும் கிறித்தவர் ஒருவர் சுந்தரமாக வந்து நிற்கும்போது அந்தக் கேள்வி எழாமலா போகும்? படம் அதை ஆழமாகத் தொடவில்லை. தொட்டிருந்தால் சிரிப்பு இன்னும் கசந்திருக்கும்; கதையும் கூர்மைப்பட்டிருக்கும். அடுத்தது, வேகம் குறைவு. நான் பார்த்தபோது பக்கத்திலிருந்தவர் அயர்ந்து உறங்கிவிட்டார். இந்தப் படத்தைப் பொறுத்தவரை அது பெருங்குற்றமாகாது என்று அவரை எழுப்பாமல் விட்டேன்.

படத்திலும் அவ்வாறே மறுநாள் நண்பகல் வருகிறது. உண்ட களைப்பில் ஊர் கண்ணயர்கிறது, சுந்தரமும் படுக்கிறான். விழிக்கும்போது ஜேம்ஸ் விழிக்கிறார். எங்கே இருக்கிறோம் என்று அவருக்குப் புரியவில்லை; தம் ஆட்களை நோக்கி நடக்கிறார், அவர்கள் அவரைச் சூழ்ந்து வண்டிக்கு அழைத்துப் போகிறார்கள். நாடகக் குழுவுக்குப் பெரிய நிம்மதி, ஊருக்கும் நிம்மதி. பேருந்து கிளம்பி மேற்கே போகிறது. மாலையானால் அந்த வீட்டு மாட்டுக்கு யாராவது தீனி வைத்துத்தானே ஆகவேண்டும்?